ஆறில் ஒரு கண்: விழிக்குக் குருதி செல்லும் வழிகளின் வேறுபாடுகள்

உடற்கூற்றியல் பாடநூல்களில் கண்ணுக்குக் குருதி கொண்டு செல்லும் தமனியின் படம் எங்கு பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கழுத்தின் இருபுறமும் மேலேறும் உள் கழுத்துத் தமனி மண்டையோட்டுக்குள் நுழைந்து, மூளையின் அடியில் கேவர்னஸ் எனப்படும் சிரைக்குழியைக் கடந்து வெளிவந்ததும், கண் தமனி என்ற கிளையைத் தருகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் அளவே குறுக்களவுள்ள இந்தக் குழாய், பார்வை நரம்பின் அடிப்புறத்தை ஒட்டியபடி, எலும்பில் அமைந்த குறுகிய கால்வாய் வழியே விழிக்குழிக்குள் புகுந்து, நரம்பின் வெளிப்புறமாகச் சுற்றி மேலேறி, அதன் முதுகின் மீது குறுக்காகக் கடந்து மூக்குப் பக்கம் செல்கிறது. போகும் வழியில் விழித்திரைக்கும், கண்ணீர்ச் சுரப்பிக்கும், விழியை அசைக்கும் தசைகளுக்கும், நெற்றித் தோலுக்கும் கிளைகளைப் பிரித்துக் கொடுக்கிறது. மருத்துவ மாணவர் மனப்பாடம் செய்வதும், தேர்வில் வரைவதும் இந்தப் படத்தைத்தான்.

படத்தில் பிழை ஏதும் இல்லை. பெரும்பான்மையோருக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதுதான் அதன் வரம்பு. மற்றவர்களுக்கு இந்தத் தமனி நரம்பின் அடியில் கடக்கலாம்; கிளைகள் வேறு வரிசையில் பிரியலாம்; சிலருக்கு உள் கழுத்துத் தமனியிலிருந்து கிளம்பாமல், மூளையுறைக்குக் குருதி தரும் வேறொரு தமனியிலிருந்தே கிளம்பலாம். இவற்றை நோய் என்றோ குறை என்றோ சொல்ல முடியாது. இப்படிப்பட்ட கண்ணோடு பிறந்தவர் அதை அறியாமலே எண்பது வயது வரை நன்றாகப் பார்த்து வாழ்வார். ஆனால் ஒரு குழாய் அடைபடும்போதும், மருத்துவர் ஒருவர் அந்தக் குழாய்க்குள் ஊசியோ நுண்குழலோ செலுத்தும்போதும், பார்வை நிலைப்பதும் போவதும் இந்த வேறுபாட்டைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இவ்வேறுபாடுகளைப் பொறுமையாக எண்ணிப் பதிவுசெய்த ஆய்வுகளுள் இன்றும் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுவது இந்தியாவில் நடந்தது. பஞ்சாபின் பாட்டியாலா நகரில் அரசு மருத்துவக் கல்லூரி 1953இல் தொடங்கப்பட்டது. அது தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் அங்கே உடற்கூற்றியல் துறையில் ஆசிரியராகச் சேர்ந்த சோகன் சிங் ஹைரே என்ற இளைஞர், ராம்ஜி தாஸ் என்பவருடன் இணைந்து, கண்ணின் குருதிக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துப் பார்க்கத் தொடங்கினார். விழித்திரையின் மையத் தமனி பற்றிய இரண்டு கட்டுரைகள் 1960இலும், கண் தமனியின் தோற்றம், விழிக்குழிக்குள் அதன் வழி, அதன் கிளைகள் ஆகியவை பற்றிய மூன்று கட்டுரைகள் 1962இலும் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆப்தால்மாலஜி’ இதழில் வெளிவந்தன. முதல் கட்டுரைகளில் அவர் பெயர் வெறும் சிங் என்றே இருப்பதால், பழைய நூற்பட்டியல்களைப் புரட்டும் ஒருவர் சிங் என்பவரும் ஹைரே என்பவரும் வெவ்வேறு ஆட்கள் என்று எண்ணிவிட இடமுண்டு. பின்னர் ஹைரே லண்டனுக்கும், எடின்பரோவுக்கும், 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்கும் சென்று, கண்ணின் குருதியோட்டம் குறித்து உலகின் முதன்மையான அறிஞர்களுள் ஒருவரானார். அவருடைய பிற்காலப் புகழுக்கெல்லாம் அடித்தளம் பாட்டியாலாவின் பிண அறுவைக் கூடத்தில் இடப்பட்டது என்பது நம் மருத்துவக் கல்லூரிகளில் போதிய அளவு பேசப்படுவதில்லை.

அந்தக் கூடத்தில் செய்யவேண்டியிருந்த வேலை எளிதானதன்று. விழிக்குழியை மேலிருந்துதான் திறப்பார்கள். மண்டையோட்டின் மேற்பகுதியை அகற்றி, மூளையை எடுத்தபின், நெற்றிக்குப் பின்னால் முட்டையோடு போல மெலிந்திருக்கும் எலும்புத் தளத்தை உளியால் மெல்லத் தட்டி உடைத்து எடுத்தால், கீழே விழிக்குழியின் உறை தெரியும். அதைக் கிழித்ததும் முதலில் நெற்றி நரம்பும், அடுத்து இமையைத் தூக்கும் தசையும், அதற்கடியில் விழியை மேல்நோக்கித் திருப்பும் தசையும் வரும். தசைகளை வெட்டி மடக்கிவிட்டு, மஞ்சள் கொழுப்பைச் சிமிட்டாவால் துணுக்குத் துணுக்காக எடுத்துக்கொண்டே போனால், வெண்ணிறப் பார்வை நரம்பின் மீது குறுக்காகப் படுத்திருக்கும் தமனி கண்ணில் படும். கொழுப்போடு சேர்த்துத் தமனியின் நுண்கிளைகளையும் பிய்த்தெறிந்துவிடுவது முதலாண்டு மாணவர்களுக்கு வழக்கமாக நேர்வது. அதைத் தவிர்க்கவே ஆய்வாளர்கள் தமனிக்குள் முன்னதாகவே நீர்ம லேட்டக்ஸைச் செலுத்தி உறையவிட்டுக்கொள்கிறார்கள். பிறகு நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் கிளை கிளையாகத் தொடர்கிறார்கள். மேலிருந்து திறந்து பார்க்கும் மாணவருக்கு, நரம்பின் மீது இருக்கவேண்டிய இடத்தில் தமனி காணப்படாதபோது, தம் கத்தி அதை அறுத்துவிட்டதாகவே முதலில் தோன்றும். நரம்பைச் சற்றுத் தூக்கிப் பார்த்தால் அது அடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஹைரேயும் தாஸும் கண்ட கணக்கின்படி, நூற்றுக்கு 82.6 விழிக்குழிகளில் தமனி நரம்பின் மேலாகவும், 17.4இல் நரம்பின் அடியாகவும் கடந்தது. தசமப் புள்ளியோடு எழுதப்படும் இத்தகைய விழுக்காடுகளைப் படிப்பவர், அவை எண்ணக்கூடிய அளவு உடல்களைக் கொண்டு பெறப்பட்டவை என்பதை நினைவில் வைக்க வேண்டும். வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் இந்த எண் சற்று ஏறியும் இறங்கியும் காணப்படுகிறது. ஆறில் ஐந்து கண்களில் மேலாக, ஆறில் ஒன்றில் அடியாக என்று கொள்வதே நேர்மையான கணக்கு. ஆனால் அவர்களுடைய கண்டுபிடிப்பின் சாரம் இந்த விகிதத்தில் இல்லை. தமனி எந்தப் பக்கமாகக் கடக்கிறது என்பதைப் பொறுத்து அதன் கிளைகளின் வரிசையும் மாறுகிறது என்பதை அவர்கள் கண்டார்கள். மேலாகக் கடக்கும் தமனியில் பெரும்பாலும் முதலில் பிரிவது விழித்திரையின் மையத் தமனி. அது தனியாகவோ, உட்புறப் பின் சிலியரித் தமனியோடு பொது அடி கொண்டோ பிரியும். அடியாகக் கடக்கும் தமனியில் பெரும்பாலும் முதலில் பிரிவது வெளிப்புறப் பின் சிலியரித் தமனி. பின் சிலியரித் தமனிகள் என்பவை விழியின் பின்சுவரைத் துளைத்துச் சென்று, விழித்திரைக்கு வெளியே குருதி நிறைந்த படலமாக இருக்கும் கோராய்டுக்கும் பார்வை நரம்பின் தலைப்பகுதிக்கும் ஊட்டம் தருபவை. பெரும்பாலான கண்களில் இவை இரண்டோ மூன்றோ இருக்கும். ஒன்றே ஒன்று உள்ள கண்களும் உண்டு, ஐந்து வரை உள்ள கண்களும் உண்டு.

இந்த வேறுபாடுகளுக்கான காரணம் கருவில் இருக்கிறது. மனிதக் கருவின் மண்டைத் தமனிகள் உருவாகும் முறையை டார்கஸ் பாட்ஜெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1948இல் விரிவாக வெளியிட்டார். வளரும் கண்ணுக்குத் தொடக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தமனிகள் குருதி தருகின்றன. உள் கழுத்துத் தமனியிலிருந்து வரும் தொல் தமனிகள் ஒருபுறமும், நடுக்காதின் சிற்றெலும்பு உருவாகும் இடத்தைத் துளைத்துக்கொண்டு வரும் ஸ்டெபீடியல் தமனியின் கிளை மறுபுறமும் வந்து, பார்வை நரம்பைச் சுற்றி ஒரு வளையமாக இணைகின்றன. பிறகு அந்த வளையத்தின் ஒரு பகுதி தேய்ந்து மறைய, எஞ்சுவதே நிலைத்த தமனியாகிறது. நரம்புக்கு அடியிலுள்ள பகுதி மறைந்தால் தமனி மேலாகக் கடக்கும். மேலுள்ள பகுதி மறைந்தால் அடியாகக் கடக்கும். ஸ்டெபீடியல் தமனியோடான இணைப்பு முற்றிலும் அறுபடாமல் நின்றுவிட்டால், பிறந்த பின்னும் மூளையுறைத் தமனிக்கும் விழிக்குழிக்கும் இடையே ஒரு வழி திறந்தே இருக்கும். கண்ணீர்ச் சுரப்பித் தமனி மூளையுறைத் தமனியிலிருந்து கிளம்புவது இதனால் நேர்வது. நூற்றில் ஓரிருவருக்குக் கண் தமனி முழுவதுமே அங்கிருந்து கிளம்புவதும் இதனால்தான்.

அண்மை ஆண்டுகளில் இந்த நூற்றில் ஓரிருவர் விஷயத்துக்குப் புது அவசரம் வந்திருக்கிறது. முதியவர்களுக்குத் தலையில் சிறு அடிபட்டு, மூளையுறைக்கடியில் மெல்ல மெல்லக் குருதி தேங்கும் நோய்க்கு, நடு மூளையுறைத் தமனிக்குள் நுண்குழல் செலுத்தி, பசை போன்ற பொருளாலோ நுண்துகள்களாலோ அதை அடைத்துவிடும் சிகிச்சை பரவிவருகிறது. கண் தமனி அந்தத் தமனியிலிருந்தே கிளம்பும் ஒருவருக்கு இதைச் செய்தால், அடைப்பான் நேரே விழித்திரைக்குப் போய்ச் சேரும். தலைக்குச் செய்த சிகிச்சையில் கண் போய்விடும். எனவே அடைப்பானைச் செலுத்துமுன், அந்தத் தமனியில் சாயமேற்றி எக்ஸ்ரே படமெடுத்து, விழியின் பின்புறம் கோராய்டு பிறைபோல் நிழலாடுகிறதா என்று பார்ப்பது கட்டாயமாகிவிட்டது. குழந்தைகளுக்கு வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயில் இதே வேறுபாடு எதிர்த்திசையில் பயன்படுகிறது. தொடையிலிருந்து நுண்குழலை ஏற்றிக் கண் தமனியின் வாயில் நிறுத்தி, மெல்ஃபலான் என்ற மருந்தை அங்கேயே செலுத்தும் முறையை ஜப்பானிய மருத்துவர்கள் தொடங்கிவைக்க, நியூயார்க்கில் ஆப்ரம்சனும் கோபினும் அதைச் செம்மைப்படுத்தி 2008இல் வெளியிட்டார்கள். இப்போது இந்தியாவின் சில பெரிய மையங்களிலும் அது செய்யப்படுகிறது. கண் தமனியின் வாய் குழல் நுழைய முடியாதபடி சிறுத்திருக்கும் குழந்தைகளில், மூளையுறைத் தமனி வழியே சுற்றிச் சென்று மருந்தைக் கண்ணில் சேர்க்கிறார்கள்.

பெருநகர மருத்துவமனைகளின் கதை அது. காங்கேயத்துக்கும் கரூருக்கும் இடையே, விசைத்தறிகளும் எண்ணெய் ஆலைகளும் முருங்கைக்காய்ச் சந்தையுமாக இருக்கும் வெள்ளகோவில் போன்ற ஊரில் கண் தமனியின் வேறுபாடு வெளிப்படக்கூடிய வழி வேறு. விழித்திரையின் மையத் தமனி அடைபடுவதே அது. இதயத்திலிருந்தோ, கொழுப்புப் படிந்த கழுத்துத் தமனியிலிருந்தோ பிரிந்து வரும் ஒரு துணுக்கு அந்த நுண்ணிய குழாயை அடைத்துவிட்டால், வலி சிறிதுமின்றி, ஒரு கண்ணின் பார்வை நிமிடங்களில் இருண்டுவிடுகிறது. ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவருக்கு வரும் அரிய நோய் என்றாலும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களிடம் மிகுதி. நோய் கண்ணுடையதாக இருந்தாலும், மூளைப் பக்கவாதத்தின் உடன்பிறப்பாகவே மருத்துவர்கள் இதைக் கருதுகிறார்கள்.

விழித்திரையின் உட்பகுதிக்கு அந்த ஒரு தமனியைத் தவிர வேறு குருதி வழி இல்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் வெள்ளகோவில் கிளை வாய்க்காலில் கடைமடை நிலம் வைத்திருப்பவருக்கு இந்த நிலையை விளக்க வேண்டியதில்லை. மேலே எங்கு மதகு அடைத்தாலும் முதலில் காய்வது அவர் வயல்தான், கிணறு ஒன்று சொந்தமாக இருந்தாலொழிய. சில கண்களுக்கு அப்படி ஒரு கிணறு இருக்கிறது. சிலியோரெட்டினல் தமனி என்ற சிறு குழாய், மையத் தமனியிலிருந்து பிரியாமல், பின் சிலியரித் தமனிகளின் வழியிலிருந்து கிளம்பி, பார்வை நரம்புத் தலையின் ஓரத்தில் கொக்கிபோல் வளைந்து வெளிவந்து, விழித்திரையின் ஒரு பகுதிக்குத் தனியே குருதி தருகிறது. 1976இல் ஜஸ்டிஸ், லேமன் என்ற இருவர் சாயமேற்றிய படங்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 32 கண்களில் இது காணப்பட்டது. அவற்றுள் பல மிகச் சிறியவை. ஆனால் மஞ்சள் புள்ளி எனப்படும் மையப் பார்வைப் பகுதிக்குக் குருதி தரும் அளவுக்கு ஒரு சிலியோரெட்டினல் தமனி இருந்தால், மையத் தமனி முற்றிலும் அடைபட்டாலும், சாம்பல் பூத்த விழித்திரையின் நடுவே நாக்குபோல் ஒரு சிவந்த திட்டு உயிரோடு நிற்கும். மையத் தமனி அடைபட்ட கண்களில் பத்தில் ஒன்றுக்கு இந்த வாய்ப்பு அமைகிறது. அந்தக் கண்ணோடு ஒருவர் தறிக்கு முன் நின்றால், பாவில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப்போட அவரால் முடியும். ஆனால் பக்கத்தில் தார்க்கட்டை போட்டிருக்கும் கூடை தெரியாமல் காலை இடித்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட தமனி இல்லாத மற்ற கண்களுக்கு நேரமே எல்லாம். ஹைரே பிற்காலத்தில் வயது முதிர்ந்த ரீசஸ் குரங்குகளில் மையத் தமனியைத் தற்காலிகமாக அடைத்துச் செய்த ஆய்வுகளில், 97 நிமிடம் வரை அடைப்பு நீடித்தபோது விழித்திரைக்குக் கண்டறியத்தக்க கேடு இல்லை. 240 நிமிடத்தைத் தாண்டியபோது மீட்க முடியாத பெருஞ்சேதம் ஏற்பட்டது. இடைப்பட்ட நேரத்தில் கேடு படிப்படியாக ஏறுகிறது. வெள்ளகோவிலிலிருந்து கோவைக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. இரவு ஷிப்டில் ஒரு கண் மங்கியவர் விடியட்டும் என்று காத்திருந்து, காலையில் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துவிட்டு, அதன் பிறகு மருத்துவமனை செல்வாரானால் அந்த 240 நிமிடம் எப்போதோ கடந்திருக்கும். மருத்துவமனை சேர்ந்த பிறகும் வழி அகலமாக இல்லை. நுண்குழலைக் கண் தமனி வரை கொண்டுபோய்க் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தும் சிகிச்சையை, வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்ட ஈகிள் என்ற ஐரோப்பிய ஆய்வு, 84 நோயாளிகளோடு முடித்துக்கொள்ளப்பட்டு 2010இல் வெளிவந்தது. கூடுதல் பார்வை எதுவும் கிடைக்கவில்லை என்பதோடு, பக்கவிளைவுகளும் மிகுந்திருந்தன. அடைப்பு ஏற்பட்டு 20 மணி நேரம் வரை ஆன நோயாளிகளையும் அந்த ஆய்வு சேர்த்துக்கொண்டது என்பதை 240 நிமிடக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், தோற்றது மருந்தா தாமதமா என்ற ஐயம் எழுவது இயல்பு.

பின் சிலியரித் தமனிகளின் வேறுபாடு இதைவிட நுட்பமானது. ஒவ்வொரு பின் சிலியரித் தமனியும் கோராய்டில் தனக்கென ஒரு பகுதியை மட்டும் நனைக்கிறது. இரண்டு பகுதிகள் சந்திக்கும் எல்லையில் குருதியழுத்தம் எப்போதும் தாழ்ந்திருக்கும். உயிருள்ள மனிதக் கண்ணில் இந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு: ஒருவருக்கு அது பார்வை நரம்புத் தலைக்கு ஒதுங்கிப் போகும், மற்றொருவருக்கு நரம்புத் தலையின் நடுவே செல்லும். நடுவே செல்பவருக்கு உடலின் அழுத்தம் குறையும்போதெல்லாம் முதலில் பட்டினி கிடப்பது நரம்புத் தலை. காலையில் கண்விழிக்கும்போது ஒரு கண்ணின் கீழ்ப்பாதி இருண்டிருப்பதாக உணரும் நோயாளிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஹைரே, தூக்கத்தில் இயல்பாகவே இறங்கும் இரத்த அழுத்தத்தை, படுக்கைக்கு முன் விழுங்கும் அழுத்த மாத்திரைகள் மேலும் இறக்கிவிடுவது இதற்குத் துணைபோகிறது என்று வாதிட்டார். எல்லா நரம்பியல் கண் மருத்துவர்களும் இதை ஏற்கவில்லை. எல்லைக்கோட்டின் இடம் வேறுபடுகிறது என்ற உடற்கூற்று உண்மை மட்டும் இந்த வாதத்தின் முடிவு எதுவானாலும் நிலைத்து நிற்கும்.

இவ்வேறுபாடுகளுள் எவற்றை முன்கூட்டியே அறியலாம் என்பது அடுத்த கேள்வி. தமனி நரம்பின் மேலே போகிறதா அடியில் போகிறதா என்பது சாயமேற்றிய சி.டி. படத்திலோ பிண அறுவையிலோதான் தெரியும். நலமாக இருப்பவருக்கு அந்தப் படம் எடுக்க எந்த நியாயமும் இல்லை. ஆனால் சிலியோரெட்டினல் தமனி, கண்ணின் பின்புறத்தை எடுக்கும் சாதாரணப் புகைப்படத்திலேயே தெரியும். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைச் சோதிக்க அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற நிறுவனங்கள் சிற்றூர்களில் நடத்தும் பார்வை மையங்களில் அத்தகைய படங்களை எடுத்து, தொலைவிலிருக்கும் மருத்துவருக்கு அனுப்புவது பழகிப்போன வேலை. அந்தப் படத்தில் நரம்புத் தலையின் ஓரத்தில் கொக்கி வளைவு தெரிகிறதா என்பதை ஒரு வரியாகச் சேர்க்கச் செலவு ஏதும் இல்லை.

பிண அறுவைக் கூடத்துக்கும் வேலை மிச்சமிருக்கிறது. 2022 சனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் திருப்பூரும் ஒன்று. பாட்டியாலாக் கல்லூரி ஹைரேயின் காலத்தில் எவ்வளவு புதியதாக இருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவு புதியது. அங்கே ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்கள் உளியும் சிமிட்டாவும் கொண்டு விழிக்குழிகளைத் திறக்கத்தான் போகிறார்கள். தமனி எங்கிருந்து கிளம்புகிறது, நரம்பை எப்பக்கம் கடக்கிறது, முதற்கிளை எது என்ற மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொரு விழிக்குழிக்கும் விடை எழுதிவைத்தால், சில ஆண்டுகளில் கொங்குப் பகுதிக்கென்று ஒரு கணக்கு சேரும். இடமும் வலமும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். ஒரே ஆளின் இரு கண்களிலும் தமனி ஒரே வழியில்தான் போகும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.